ஐந்து சுற்றில் நின்ற நட்: யாழ்ப்பாணத்து டிராக் கார் ஒன்றுக்கு வீல் ஸ்ரட் தெரிவுசெய்த விவரம்

பின்னணி

கார் 1990களின் தொடக்கத்து டொயோட்டா ஸ்ரார்லெட். ஈபி82 உடல், டேர்போ பூட்டிய ஜீடி வகை. 1331 சிசி கொண்ட 4ஈ-எஃப்டிஈ எஞ்சின், கொம்பனிக் கணக்கில் 135 குதிரைவலு. சொந்தக்காரர் இருபதுகளின் பிற்பகுதியில் உள்ள இளைஞர். பெரிய டேர்போ, இன்டர்கூலர், கூடுதல் பெற்றோல் தள்ளும் இன்ஜெக்டர் எல்லாம் ஏற்றியிருந்தார். 200 குதிரைவலு வரும் என்பது அவர் கணக்கு. குதிரைவலு அளக்கும் டைனோவில் ஏற்றிப் பார்த்த தாள் எதுவும் இல்லை, அதனால் அந்த எண்ணை இங்கே நம்பிக்கை என்ற அளவில் மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

யாழ்ப்பாணத்தில் டிராக், அதாவது நேர்பாதையில் குறுந்தூர வேகப் போட்டி, ஓடுவதற்கென்று பாதை கிடையாது. களுத்துறைப் பக்கம் கட்டுகுருந்த விமான ஓடுபாதையில் போட்டி வைக்கும்போது காரை லொறியில் ஏற்றி, நானூறு கிலோமீற்றருக்கு மேல் கொண்டுபோக வேண்டும். அங்கே போய் ஒரு நட் இல்லை, ஒரு ஸ்ரட் (சில்லைப் பூட்டும் நட் ஏறுகிற புரி ஆணி) சுழல்கிறது என்று நின்றால் லொறிக் கூலியும் நுழைவுப் பணமும் போனதுதான். கோண்டாவில் பக்கத்துக் கராஜ் ஒன்றில்தான் இந்தக் கார் வழமையாக வேலைக்கு நிற்கும். அங்கே அளவெடுக்கிற வேலைகளுக்கு நானும் போய்வருவதால் இந்த விவரங்கள் என் குறிப்பேட்டில் இருக்கின்றன.

போட்டிக்கென்று அவர் பாவித்த அலோய் ரிம் வாங்கியிருந்தார். ஜப்பானில் இருந்து வந்தது, 15 அங்குலம், நான்கு துளை, துளை வட்டம் 100 மில்லிமீற்றர். பல கார்களுக்குப் பொருந்தட்டும் என்று செய்யும் ரிம்கள் பலவற்றைப் போல இதற்கும் நடுத்துளை பெரிது, 67.1 மில்லிமீற்றர். சில்லு பூட்டப்படும் ஹப்பின் நடுவில் நீட்டி நிற்கும் மூக்கு 54.1. முன் பக்கம் ரயர் உள்ளே அப்சோபர் காலில் உரசியதால் ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் வைக்கும் தட்டு, 8 மில்லிமீற்றர் ஸ்பேசர் ஒன்றும் இடையில் வந்துவிட்டது. நட் ரிம்மோடு சேர்த்து வாங்கிய குரோம் நட், தலை மூடியது.

கராஜுக்கு அவர் வந்தபோது ஸ்ரட் பிரச்சினை என்று வரவில்லை. கிளச் விட்டுக் கிளம்பும் கணத்தில் முன் இடது பக்கம் "டக்" என்று ஒரு சத்தம், 80க்கு மேல் போனால் ஸ்டியரிங்கில் நடுக்கம். எஞ்சினின் முறுக்கைச் சில்லுக்குக் கொண்டுபோகும் அச்சின் மூட்டு, சிவி ஜொயின்ற், போய்விட்டது என்று அவரே முடிவுகட்டியிருந்தார். அதோடு அமெரிக்க அளவு அரை அங்குல ஸ்ரட் தொகுதி ஒன்றின் படத்தைத் தொலைபேசியில் காட்டி, "அண்ணை, இதையும் சேத்துப் போட்டுவிடுவம், பலமாய் இருக்கும்" என்றார்.

முதலில் கண்டது

மெக்கானிக் சிவி ஜொயின்றைத் தொடுவதற்கு முன்னம் சில்லைக் கழற்றினார். கழற்றிய விதம்தான் இந்த நிகழ்வில் முக்கியம். காற்றழுத்தத்தில் நட் சுற்றும் எயர் கண்ணை எடுக்கவில்லை. ஒவ்வொரு நட்டின் முகத்திலும் சோக்கட்டியால் ஒரு கோடு போட்டு, கை ஸ்பானரால் இளக்கி, பிறகு விரலால் சுற்றிச் சுற்றி எண்ணினார்.

"தம்பி, நட்டு எத்தினை சுத்துப் போகுது எண்டு ஒருநாளாவது எண்ணிப் பாத்தனீரோ?"

"இல்லை அண்ணை. எயர் கண் வைச்சால் இறுகிடுந்தானே."

முன் இடது பக்கத்தில் மூன்று நட் ஐந்து சுற்றிலேயே கையோடு வந்துவிட்டன. இந்த ஸ்ரட் 12 மில்லிமீற்றர் விட்டம், புரிக்குப் புரி இடைவெளி 1.5 மில்லிமீற்றர். ஐந்து சுற்று என்றால் 7.5 மில்லிமீற்றர் புரிதான் நட்டுக்குள் இருந்திருக்கிறது. வெளியில் இருந்து பார்த்தால் தலை மூடிய குரோம் நட் பளபளவென்று நிறைவாக இருக்கும், உள்ளே எவ்வளவு பிடித்திருக்கிறது என்று தெரியவே தெரியாது.

நான்காவது நட் கையால் சுற்ற வரவில்லை. ஸ்பானரோடு போராடி எடுத்தபோது நட்டின் வாயிலிருந்து மயிர் போன்ற இரும்புச் சுருள் விழுந்தது. புரி இடைவெளி அளக்கும் பிட்ச் கேஜ் வைத்துப் பார்த்தால் அந்த நட் 1.25 இடைவெளி. டொயோட்டா, ஹொண்டா, மிற்சுபிஷி கார்களுக்கு 12க்கு 1.5 வரும், நிசான், சுசுக்கி, சுபாரு கார்களுக்கு 12க்கு 1.25. நம் ஊரில் சுசுக்கி கார்கள் ஏராளம். ஏதோ ஒரு ரயர் மாற்றத்தின்போது நட் ஒன்று தொலைந்து, வேறு நட் ஒன்று பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டிருக்க வேண்டும். எங்கே, எப்போது என்பது சொந்தக்காரருக்கும் ஞாபகம் இல்லை. முதல் ஒன்றிரண்டு சுற்று இந்த நட் சாதாரணமாக ஏறும். பிறகு சிக்கும். கையால் பூட்டுகிறவருக்கு அந்த இடத்தில் விளங்கிவிடும். எயர் கண்ணுக்கு விளங்காது.

ரிம்மைத் திருப்பி வைத்துத் துளைகளைப் பார்த்தோம். மூன்று துளைகளின் கூம்பு வாய் நட் அழுத்திய இடத்தில் வெள்ளியாய் மின்னியது. நான்காவது துளையில் பெயின்ற் அப்படியே இருந்தது, ஒரு கீறல்கூட இல்லை. அதாவது அந்த நட் ஸ்ரட்டோடு இறுகியிருந்ததே தவிர ரிம்மை ஒருபோதும் பிடிக்கவில்லை. குறித்த இறுக்கம் வந்ததும் சத்தமிடும் டோர்க் ரென்ச் வைத்திருந்தால் அதுவும் "கிளிக்" என்றிருக்கும், புரியில் புரி கடித்த இறுக்கத்துக்கு.

வேறு சில அடையாளங்களும் இருந்தன. ஸ்பேசருக்கும் டிஸ்க்குக்கும் இடையில் செம்மண் நிறத்தில் மெல்லிய தூள். இரண்டு முகம் ஒன்றின் மேல் ஒன்று நுணுக்கமாக அசைந்தால் வருகிற தூள் அது. டிஸ்க்கின் முகத்தில் அழகுக்காக அடித்த கறுப்புப் பெயின்ற், சில இடங்களில் நசிந்து சுருண்டிருந்தது. ஒரு ஸ்ரட்டின் புரியில் ஒரு பக்கம் மட்டும் மழுங்கிப் பளபளத்தது. ரிம் துளையின் சுவர் வந்து இடித்த இடம். "டக்" சத்தம் எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டிய அவசியம் அதற்குப் பிறகு இருக்கவில்லை. சிவி ஜொயின்றைப் பிடித்து ஆட்டிப் பார்த்தோம், நன்றாகவே இருந்தது.

முன் வலது பக்கத்திலும் அதே ஐந்து சுற்று. நட் நான்கும் சரியான புரி. பின் பக்கம் ஸ்பேசர் இல்லை, அங்கே பத்துச் சுற்றுக்கு மேல் போனது.

கணக்கு

சொந்தக்காரரின் முதல் வாதம், ஸ்ரட் பலம் போதாது என்பது. அதனால் மேசையில் இருந்து ஒரு கணக்குப் போட்டோம். துல்லியமான கணக்கு இல்லை, எந்தப் பக்கம் பிரச்சினை என்று காட்டுகிற அளவுக்கான கணக்கு.

இது முன் சில்லுகள் இழுக்கும் கார். காரும் ஓட்டுநரும் சேர்ந்து சுமார் 920 கிலோ. கிளம்பும்போது பாரம் பின்னால் சாய்ந்த பிறகு முன் அச்சில் 500 கிலோ நிற்கும் என்று வைத்தால் ஒரு முன் சில்லுக்கு 250. நல்ல பிடியுள்ள டிராக் ரயருக்கு உராய்வு எண் 1.3 என்று எடுத்தால் ரயர் நிலத்தைத் தள்ளும் விசை ஏறத்தாழ 3200 நியூட்டன். ரயரின் ஆரை 0.28 மீற்றர். ஆக ஹப்பிலிருந்து ரிம்முக்குப் போக வேண்டிய முறுக்கு சுமார் 890 நியூட்டன் மீற்றர்.

இந்த முறுக்கை ஸ்ரட்டின் குறுக்கு வலிமை தாங்குகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நட் இறுகும்போது ஸ்ரட் ஒரு துளி நீண்டு, ரிம்மை ஹப்போடு சேர்த்து இழுத்து அழுத்துகிறது. அந்த அழுத்தத்தில் முகத்துக்கு முகம் உண்டாகும் உராய்வுதான் முறுக்கைக் கடத்துகிறது. எல்லாம் சரியாக இருந்தால் ஸ்ரட்டுக்குக் குறுக்காக எந்தப் பாரமும் வராது.

இந்த வகை டொயோட்டா கார்களுக்குக் கொம்பனி சொல்லும் இறுக்கம் 103 நியூட்டன் மீற்றர். உலர்ந்த, துருவில்லாத புரியில் அது ஒரு ஸ்ரட்டுக்குச் சுமார் 43 கிலோநியூட்டன் பிடி, அதாவது நாலு தொன்னுக்கு மேல். நான்கு ஸ்ரட்டுக்கு 172. சுத்தமான உலோக முகங்களுக்கு உராய்வு 0.15, ஸ்ரட் வட்டத்தின் ஆரை 0.05 மீற்றர் என்று வைத்தால் கடத்தக்கூடிய முறுக்கு ஏறத்தாழ 1290. தேவை 890. போதும், ஆனால் அள்ளிக் கொட்டுகிற அளவுக்கு மிச்சம் இல்லை. ரயர் துள்ளித் துள்ளிப் பிடிக்கும்போது வரும் அடி இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

இப்போது காரின் உண்மையான நிலையைப் போட்டுப் பாருங்கள். வேலை செய்கிற நட் மூன்று. முகத்தில் பெயின்ற், அதனால் உராய்வை 0.1 என்று வைப்போம். வரும் விடை 645. தேவையான 890க்கு மிகவும் கீழே. ரிம் ஹப்பில் வழுக்கி, துளைச் சுவர் ஸ்ரட்டில் போய் இடித்திருக்கிறது. சத்தம், செந்தூள், மழுங்கிய புரி மூன்றுக்கும் காரணம் ஒன்றே.

10.9 தர உருக்கில் செய்த 12க்கு 1.5 ஸ்ரட் ஒன்று நிரந்தரமாக நீளாமல் ஏறத்தாழ 73 கிலோநியூட்டன் தாங்கும். நாம் கேட்பது 43. பலமான ஸ்ரட் வேண்டும் என்ற வாதம் இந்த இடத்தில் விழுந்துவிட்டது. இளைஞருக்கு இது உடனே பிடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காசு கொடுத்து வாங்கக்கூடிய ஒரு பொருளில் குறை இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்து வந்தவர் அவர்.

என்னென்ன வழிகள் பேசப்பட்டன

ஸ்பேசரை எடுத்துவிடுவது முதல் யோசனை. எடுத்தால் பத்துச் சுற்றுக் கிடைக்கும், ஆனால் ரயர் உரசும். வேறு ரிம் வாங்க அவரிடம் பணம் இல்லை.

இரண்டாவது, அவர் கொண்டுவந்த அரை அங்குல ஸ்ரட். விட்டம் 12.7 மில்லிமீற்றர், அங்குலத்துக்கு 20 புரி. அமெரிக்க டிராக் கார்களில் இது சாதாரணம், பெரிய எஞ்சின் கார்களில் 5/8 அங்குல விட்டமும் போடுவார்கள். அந்தக் கார்களின் எடையும் முறுக்கும் வேறு. இந்தக் காருக்கு அதைப் போட்டால் ஹப் துளையைப் பெருப்பிக்க வேண்டும், டிஸ்க் துளையைப் பெருப்பிக்க வேண்டும், ஹப்பில் ஸ்ரட்டைச் சுற்றி மிஞ்சும் இரும்பு குறையும். அதற்கும் மேலே, கட்டுகுருந்தவில் வைத்து ஒரு நட் விழுந்துவிட்டால் 12க்கு 1.5 நட் பக்கத்தில் நிற்கும் எந்த டொயோட்டாக்காரரிடமும் கடன் வாங்கலாம். அரை அங்குல நட் யாரிடம் கேட்பது?

மூன்றாவது, கடைசல் பட்டறையில் நீளமான ஸ்ரட் செய்விப்பது. சுன்னாகத்தில் அனுபவமுள்ள கடைசல்காரர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்டபோது அவரே மறுத்துவிட்டார். "கடைஞ்சு தரலாம், வடிவாயும் இருக்கும். ஆனா வெட்டின புரி வெட்டின புரிதான். சூடாக்கிப் பதம் ஏத்த எங்களிட்டை வசதி இல்லை. சில்லுக்கு வேண்டாம் தம்பி." நல்ல ஸ்ரட்டுகளின் புரி வெட்டப்படுவதில்லை, உருளைகளுக்கிடையில் அழுத்தி உருட்டப்படுகிறது. புரியின் அடியில் உலோகத்தின் இழை அறுபடாமல் வளைந்து போவதால் திரும்பத் திரும்ப வரும் பாரத்துக்கு அது நின்றுபிடிக்கும். தன்னால் முடியாத வேலையை முடியாது என்று சொல்கிற பட்டறைக்காரர் கிடைப்பது பெரிய விஷயம்.

ஸ்ரட் ஹப்பில் சுழன்றால் பின் பக்கம் ஒரு பொட்டு வெல்ட் வைத்துவிடுகிற பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. யாரோ அதையும் சொன்னார்கள். வெல்ட் சூடு பட்ட இடத்தில் ஸ்ரட்டின் பதம் போய்விடும், தலைக்குக் கீழே முறியும். அதைப் பற்றி அதிகம் பேசவில்லை.

மிஞ்சியது, அதே 12க்கு 1.5 அளவில் நீளமான தொழிற்சாலை ஸ்ரட்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முன் பக்கம் எட்டு ஸ்ரட்டும் மாற்றப்படும், பழையதைவிட 20 மில்லிமீற்றர் நீளமானவை, குரோம் மோலி உருக்கு, புரி உருட்டப்பட்டவை, நுனி புரியில்லாமல் குண்டு மூக்கு வடிவில் இருப்பவை. அந்த மூக்கு நட்டை நேராக வழிநடத்தும், அவசரத்தில் சில்லு மாற்றும்போது புரி குறுக்கே ஏறும் வாய்ப்புக் குறையும். பின் பக்கம் பழைய ஸ்ரட்டே இருக்கட்டும், நட் மட்டும் புதியது. எல்லாவற்றையும் மாற்றுவதுதான் அழகு என்று சொந்தக்காரர் நினைத்தார். பின் சில்லுக்கு இழுவை இல்லை, பிடித்த புரி போதுமான அளவு இருக்கிறது, அந்தக் காசை முன் பெயாரிங்குக்கு வைப்பம் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார்.

எவ்வளவு புரி போதும் என்பதற்கு ஓர் அடிப்படை வேண்டும். அமெரிக்காவின் டிராக் போட்டி அமைப்பான என்எச்ஆர்ஏ தன் விதிகளில், நட்டுக்குள் பிடிக்கும் புரியின் நீளம் ஸ்ரட்டின் விட்டத்துக்குக் குறையக்கூடாது என்கிறது. 12 மில்லிமீற்றர் ஸ்ரட்டுக்கு 12 மில்லிமீற்றர் புரி, அதாவது 1.5 இடைவெளியில் எட்டு முழுச் சுற்று. இந்தக் கார் அந்த அமைப்பின் கீழ் ஓடப்போவதில்லை. ஆனாலும் பொறியியல் ரீதியாக நியாயமான எல்லை, நினைவில் வைக்கவும் எளிது. ஐந்து சுற்றில் ஓடிய கார் அந்த எல்லையின் பாதியைத்தான் சற்றுத் தாண்டியிருந்தது. நட்டின் முதல் புரி ஒன்றே மொத்தப் பாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைச் சுமக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அங்கே மிச்சம் என்று சொல்ல எதுவும் இல்லை.

நட் விஷயத்தில்தான் அதிக நேரம் போனது. தேர்ந்தது உருக்கு நட், ஒரே துண்டு, 60 பாகைக் கூம்பு, தலை திறந்தது, உள்ளே 22 மில்லிமீற்றர் புரி. ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது.

கூம்பு, ரிம்மின் துளை கேட்பது. அக்கால டொயோட்டா அலோய் ரிம்கள் பலவற்றுக்குக் கழுத்து நீண்ட, தட்டை வளையம் கோர்த்த நட் வரும். ஹொண்டாவின் சொந்த ரிம்களுக்கு உருண்டை வாய். வெளிக் கொம்பனி ரிம்களுக்குப் பெரும்பாலும் கூம்பு. உருண்டை நட்டைக் கூம்புத் துளையில் இறுக்கினால் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும் தொட்டு நிற்கும், இறுகியது போலக் காட்டும், கொஞ்சம் ஓடியதும் தளரும். சொந்தக்காரரின் வீட்டில் மூன்று வகையும் ஒரே பிளாஸ்டிக் போத்தலுக்குள் கலந்து கிடந்தன.

தலை திறந்தது இரண்டு காரணத்துக்கு. நீண்ட ஸ்ரட்டுக்கு மூடிய நட் போட்டால் ஸ்ரட்டின் நுனி மூடியில் போய் முட்டி நின்றுவிடும். ரென்ச் "கிளிக்" சொல்லும், ரிம் ஆடும். மற்றது, திறந்த நட்டில் ஸ்ரட் வெளியே வந்திருப்பதைக் கண்ணால் காணலாம். போட்டிக்கு முன் வாகனம் பார்க்கிறவருக்கும் அது வேண்டும்.

அலுமினிய நட் வண்ண வண்ணமாக வருகிறது, எடையும் குறைவு. சில்லு அடிக்கடி கழற்றிப் பூட்டுகிற காருக்கு அந்த மென்மையான புரி சீக்கிரம் தேய்ந்து கடிக்கும். தனிச் சாவி கேட்கும் மெல்லிய நட் தொகுதிகளும் பார்த்தோம், அந்தச் சாவி தொலைந்தால் என்ன செய்வது என்ற ஒரு கேள்வியோடு அது முடிந்தது. அறுகோணம் 19 மில்லிமீற்றர். கொம்பனி நட் 21, ஆனால் இந்த ரிம்மின் துளைக் குழிக்குள் 21 சொக்கெற் இறங்கும்போது பெயின்றை உரசியது.

ஸ்பேசரும் மாற்றப்பட்டது. பழையது வார்ப்பு அலுமினியம், கண்ணாடித் தட்டில் வைத்து விரலால் தட்டினால் ஆடியது. சுன்னாகத்துக் கடைசல்காரர் இங்கேதான் பயன்பட்டார். உட்துளை 54.1, வெளியே ரிம்முக்குள் போகும் உதடு 67.1 என்று 8 மில்லிமீற்றர் தடிப்பில் புதிதாகக் கடைந்து கொடுத்தார். இரண்டு முகமும் ஒரே பிடிப்பில் கடைந்தது. அதற்கு முன்னம் ரிம்மை நடுவில் நிறுத்தியது கூம்பு நட் மட்டுமே, அதில் ஒன்று வேலை செய்யவில்லை. 80இல் வந்த நடுக்கத்துக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

இறுக்கம் பற்றி ஒரு சிறு தகராறு வந்தது. பலமான ஸ்ரட் போட்டாயிற்று, 140 வரை இறுக்கலாமே என்றார் சொந்தக்காரர். மெக்கானிக் 103ஐத் தாண்ட மறுத்தார். ஸ்ரட் தாங்கும், அலோய் ரிம்மின் கூம்பு வாய் நசியும். முகங்களைச் சுத்தமாக்கினால் 103 போதும் என்பதைத்தான் கணக்கும் சொன்னது. புரிக்கு எண்ணெய் பூசவும் அவர் விடவில்லை. எண்ணெய் போட்ட புரியில் அதே 103 வேறொரு பிடி, கணிசமாகக் கூடிய பிடி. உலர்ந்த புரிக்குச் சொன்ன எண்ணை உலர்ந்த புரிக்கே வைக்க வேண்டும்.

பூட்டிய விதம்

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையிலிருந்து முதல் தொகுதி இரவு பஸ்ஸில் வந்தது. நீளம் சரி, புரி சரி, பெட்டி அழகு. ஹப் துளைக்குள் இறுகி நிற்க வேண்டிய, வரிவரியாகப் பல் வைத்த நேர்லிங் பகுதியை வேர்னியரால் அளந்தால், பழைய ஸ்ரட்டைவிட 0.2 மில்லிமீற்றர் சிறியது. போட்டிருந்தால் முதல் நாள் நிற்கும், பிறகு ஒருநாள் நட் கழற்றும்போது ஸ்ரட்டும் சேர்ந்து சுழலும். திருப்பி அனுப்பி, இந்த முறை நேர்லிங் விட்டமும் தோள் நீளமும் எழுதிக் கொடுத்து வேறு தொகுதி எடுக்கப்பட்டது. கடைக்காரர் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார்.

முன் ஹப்பில் நீளமான ஸ்ரட்டை ஹப் காரில் இருக்கும்போதே நுழைக்க இடமில்லை, பின்னால் ஹப்பைத் தாங்கும் நக்கிள் மறிக்கிறது. நக்கிளைக் கழற்றி, ஹப்பைப் பிறெஸ்ஸில் தள்ளி எடுத்தால் பெயாரிங் உடையும். அதனால் இரண்டு பெயாரிங்கும் செலவுக் கணக்கில் முதலிலேயே சேர்க்கப்பட்டிருந்தன. ஸ்ரட்டுகள் பிறெஸ்ஸில் நேராக இறக்கப்பட்டன, தலை ஹப்போடு முழுதாக ஒட்டி உட்கார்ந்ததா என்று பீலர் கேஜின் மிக மெல்லிய தகட்டால் சுற்றிவரப் பார்க்கப்பட்டது. நட்டையும் வளையங்களையும் வைத்து இழுத்து இறக்குவதுதான் றோட்டோர வழக்கம். அதிலே புதுப் புரி முதல் நாளே அளவுக்கு மேல் இழுபடும்.

கழற்றிய பழைய ஸ்ரட்டுகளை எறியாமல் வரிசையாக வைத்துப் பிட்ச் கேஜால் பார்த்தோம். எட்டில் இரண்டு நீண்டிருந்தன. 1.5 தகட்டை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், முதல் நான்கைந்து பல் கச்சிதமாக உட்கார்ந்து, அதற்குப் பிறகு பல்லுக்கும் புரிக்கும் இடையில் ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தது. எயர் கண் செய்த வேலை. கண்ணுக்கு அந்த ஸ்ரட்டுகள் மற்றவை போலவே இருந்தன.

டிஸ்க் முகத்துப் பெயின்றும், ஹப் முகத்தில் உப்புக் காற்றில் ஏறிய துருவும் உலோகம் தெரியும்வரை எடுக்கப்பட்டன. பூட்டிய பிறகு நட் பதினாலு சுற்றுக்கு மேல் போனது, ஸ்ரட் நட்டுக்கு வெளியே ஐந்தரை மில்லிமீற்றர் நீட்டியது.

தொடர்ந்து நடந்தது

ஊருக்குள் நூறு கிலோமீற்றர் அளவில் சாதாரணமாக ஓட்டிய பின் மீண்டும் இறுக்கம் பார்க்கப்பட்டது. முன் பக்கத்து நட்டுகளில் சில கொஞ்சம் அசைந்தன, புது முகங்கள் படியும்போது அது வழமை. அடுத்த பார்வையில் எதுவும் அசையவில்லை. நடுக்கம் இல்லை, சத்தம் இல்லை.

கட்டுகுருந்தவில் வாகனப் பரிசோதனையில் நட்டுகளைப் பார்த்துவிட்டுப் பேச்சில்லாமல் விட்டார்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் சில்லு ஆறும்வரை காத்திருந்து ரென்ச் வைத்துப் பார்த்தார்கள். நட்டிலிருந்து ரிம்முக்குப் போட்ட மஞ்சள் பெயின்ற் கோடுகள் கடைசிவரை நேராகவே இருந்தன. காரின் நேரம் இதனால் குறையவில்லை, குறையவும் காரணம் இல்லை. ஸ்ரட் வேகம் தருகிற பொருள் அல்ல.

சிக்கல் வந்தது ஊர் திரும்பிய பிறகு. ஒருநாள் முன் ரயர் காற்றுப் போக, சொந்தக்காரரின் தம்பி ஸ்பேசரையும் கழற்றி வைத்துவிட்டு ஸ்பெயார் சில்லைப் பூட்டினார். அந்தச் சில்லு மெல்லிய இரும்பு ரிம். டிக்கிக்குள் கிடந்த பழைய குரோம் மூடி நட்டுகளைத்தான் எடுத்திருக்கிறார், ஏனென்றால் அவைதான் கையில் அகப்பட்டன. ஸ்பானரில் ஏறி மிதித்து இறுக்கியும் இருக்கிறார். நீண்ட ஸ்ரட்டின் நுனி மூடியில் முட்டி நிற்க, ரிம் நான்கு நட்டுக்கும் நடுவில் தளர்ந்து கிடந்தது. ஒழுங்கை தாண்டுவதற்குள் சில்லு ஆடுவதை உணர்ந்து நிறுத்திவிட்டார். ரிம் துளைகள் சற்று நீள்வட்டமாகிப் போனதோடு போயிற்று.

திறந்த நட் போட்டிருந்தாலும் அந்த ஸ்பெயார் சில்லு பூட்டுப்படுமா என்று அப்போதுதான் அளந்தோம். ஸ்பேசர் இல்லாமல், மெல்லிய ரிம்மோடு நட் ஸ்ரட்டின் அடிவரை போக வேண்டும். அங்கே புரி முடிந்து வழுவழுப்பான தண்டு தொடங்கினால் நட் அதில் முட்டி நின்றுவிடும். அளந்ததில் புரி முடியும் இடத்துக்கு முன்னமே நட் ரிம்மைப் பிடித்தது, ஆனால் மிச்சம் இரண்டு மில்லிமீற்றர்தான்.

மாற்றிக்கொண்டவை

பழைய மூடி நட்டுகள் எல்லாம் கராஜின் பழைய இரும்புப் பெட்டிக்குப் போய்விட்டன. இப்போது டிக்கியில் இருப்பது ஆறு உதிரி நட், எல்லாம் ஒரே வகை, ஒரு துணிப் பைக்குள், பையின் மேல் "12 × 1.5, கூம்பு, திறந்தது, 103" என்று மை பேனையால் எழுதியிருக்கிறது. ஸ்பெயார் சில்லு பூட்டினாலும் இந்தத் திறந்த நட்டுகளைத்தான் பாவிக்க வேண்டும் என்பது வீட்டில் எல்லாருக்கும் சொல்லப்பட்டிருக்கிறது.

கராஜில் மெக்கானிக் ஒரு வழக்கத்தைப் பிடித்துக்கொண்டார். ஸ்பேசர் போட்ட எந்தக் கார் வந்தாலும் முதல் நட்டைக் கையால் எண்ணிக் கழற்றுவார், எட்டுக்குக் குறைந்தால் சொந்தக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவார். நட்டைத் தொடங்குவது கையால், எயர் கண் கடைசிக்கு முந்தின இறுக்கம்வரை மட்டும், முடிப்பது ரென்ச்சால். இது வேலையைச் சற்று மெதுவாக்குகிறது, அதற்கு முணுமுணுக்கிற வாடிக்கையாளர்களும் உண்டு.

ஸ்ரட் வாங்கும் வரிசையும் மாறியிருக்கிறது. முன்பு கடைக்கு முதலில் சொல்வது காரின் பெயர். இப்போது பழைய ஸ்ரட் ஒன்றைக் கழற்றி, நேர்லிங் விட்டம், தோள் நீளம், புரி இடைவெளி, புரி தொடங்கும் இடம் நான்கையும் எழுதின பிறகுதான் தொலைபேசி எடுக்கிறார்கள். காரின் பெயர் கடைசியில்.

பின் ஹப்களுக்கான நீண்ட ஸ்ரட்டுகள் வாங்கப்படவில்லை. அடுத்த முறை பின் பெயாரிங் சத்தம் போடும்போது, அதே வேலையோடு சேர்த்துப் பழைய ஸ்ரட்டுகளையும் பிட்ச் கேஜில் வைத்துப் பார்த்துத் தீர்மானிப்பதாகப் பேச்சு.